குடித்தனம் வைத்த கறை

மத்தியான டீ வரும் நேரம் பார்த்து மடிப்புக்காரி ஒரு வாரப் பத்திரிகையைக் கொண்டுவந்து இஸ்திரி மேசைமேல் பொத்தென்று போட்டாள்.

"அக்கா, உங்க எழுத்தாளர் அம்மா நம்ம சலவைக்கூடத்தைக் கதையா எழுதிட்டாங்க. நானும் இருக்கேன். 'வாய் ஓயாத மடிப்புக்காரி'யாம். எனக்கா வாய் ஓயாது? நீங்கதானே போட்டுக் கொடுத்தீங்க?"

இஸ்திரிக்காரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள், கையைத் துடைத்துக்கொண்டாள், ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கிறது அந்தச் சலவைக்கூடம். ஜன்னல் கிடையாது. வருஷம் பூராவும் நீராவியும் சலவைச் சோடா வாடையும்தான். மேலே ஏழு மாடியில் படுத்திருப்பவர்களின் ரத்தமும் சீழும் மூத்திரமும் மூட்டை மூட்டையாக இங்கேதான் இறங்கும். வெள்ளை விரிப்பாக மடிந்து மேலே போகும். இந்த இடத்தைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. அதுவும் அந்த அம்மா!

முதல் பக்கம் படிக்கும்போது சிரித்தாள். இரண்டாம் பக்கத்தில் சிரிப்பு போய்விட்டது. கடைசிப் பத்தியை இரண்டு தரம் படித்தாள்.

'கொதிக்கும் நீரில் அந்த விரிப்பை அமிழ்த்தினாள். தங்கையின் ரத்தம், ஆறு வருடக் கறை, மெல்ல மெல்லக் கரைந்து போயிற்று. வாசலில் கொழுந்தன் தலைகுனிந்து நின்றான். உள்ளே வா என்றாள். அவள் மன்னித்திருந்தாள்.'

"ரத்தத்தைச் சுடுதண்ணியிலயா போடுவாங்க?" மடிப்புக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். "நம்ம சூப்பர்வைசர்கூட இப்படிச் சொல்லமாட்டாரே! அவ்வளவு பெரிய எழுத்தாளர், இது தெரியலையே அக்கா."

சலவைக்கு வந்த முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பது இது. ரத்தம் பட்ட துணி பச்சைத் தண்ணீரில்தான் ஊற வேண்டும். வெந்நீர் பட்டால் கறை நூலுக்குள் போய் உட்கார்ந்துவிடும். அப்படி உட்கார்ந்த கறைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் குடித்தனம். 'இது குடித்தனம் வெச்சிருச்சு' என்று ஒருத்தி சொல்லிவிட்டால் அந்த விரிப்பு படுக்கைக்குத் திரும்பாது. கிழித்துத் தரை துடைக்கக் கொடுத்துவிடுவார்கள். அதற்குமேல் பேச்சே கிடையாது.

இஸ்திரிக்காரி சிரிக்கவில்லை.

"நான் எப்படி மன்னிச்சேன்?" என்றாள். "ஏண்டி, நான் எப்ப மன்னிச்சேன்?"

மடிப்புக்காரிக்கே வாய் ஓய்ந்துவிட்டது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே கூடத்தில்தான் அது நடந்தது. பிழியும் மெஷினுக்கு ஒரு மூடி, மூடிக்கு ஒரு பூட்டு. உள்ளே உருளை சுற்றி நிற்கிறவரைக்கும் பூட்டு திறக்காது. நிற்க நாலு நிமிஷம் ஆகும். மெஷினை ஓட்டியவன் இஸ்திரிக்காரியின் கொழுந்தன், புருஷனுக்குத் தம்பி. நாலு நிமிஷம் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் அந்தப் பூட்டைக் கழற்றி அலமாரியில் போட்டுவிட்டான். எதிரே நின்று துணி எடுத்தவள் இஸ்திரிக்காரியின் தங்கை, சின்னவள். "நின்னுடுச்சு, எடு" என்றான். நிற்கவில்லை. விரிப்பின் முனை அவள் கையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போயிற்று. வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது.

விசாரணைக்கு ஆட்கள் வருவதற்குள் பூட்டு பழைய இடத்தில் இருந்தது. கொழுந்தன் எழுதிக் கொடுத்தான்: 'நான் எச்சரித்தும் கேளாமல் அவளே மூடியைத் திறந்தாள்.' சின்னவளை அஜாக்கிரதை என்று சொல்லி வேலையிலிருந்து எடுத்தார்கள். அவன் வேறு ஊருக்கு வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். இஸ்திரிக்காரி அடுத்த திங்கட்கிழமை அதே மேசைக்கு வந்து பெட்டியைப் பிடித்தாள். வேறு என்ன செய்வாள்? வீட்டில் மூன்று வயிறு இருந்தது. ஆனால் அன்றைக்கு வயிற்றில் பற்றிய நெருப்பு ஒருநாளும் அணையவில்லை.

அந்த நெருப்புக்குத் துணையாக இருந்தவை, அதற்கு முன்பிருந்தே அவள் படித்துவந்த அந்த எழுத்தாளர் அம்மாவின் புத்தகங்கள்தான். அவர் எழுதுகிற பெண்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை விழுங்கமாட்டார்கள். எவளும் எவனையும் லேசில் விட்டதில்லை. நூலகத்தில் அவர் பெயர் போட்டதையெல்லாம் இஸ்திரிக்காரி எடுத்துவந்து, விரிப்பு அடுக்கும் அலமாரிக்குள் ஒளித்துவைத்துப் படித்தாள். நாலு பக்கம் படித்துவிட்டுப் பெட்டியை எடுத்தால் அன்றைக்கு மடிப்பு கத்திபோல் விழும்.

நாலு மாதத்துக்கு முன்னால் மூட்டையில் தவறுதலாக ஒரு சால்வை வந்தது. ஓரத்தில் துணிப்பட்டை வைத்து அந்த அம்மாவின் பெயரைத் தைத்திருந்தார்கள். இஸ்திரிக்காரி அதைத் தனியே எடுத்து வைத்தாள். துவைத்து, தேய்த்து, லிஃப்ட் ஓட்டும் புருஷனைக் கெஞ்சி ஆறாவது மாடிக்குப் போனாள். சலவைக்கூடத்து ஆட்கள் மேலே போகக் கூடாது என்பது சட்டம். கட்டிலில் ஒரு கிழவி, இடுப்பு எலும்பு ஆபரேஷன். சால்வையைப் பிரித்துப் பார்த்து, "இந்தக் கறை மட்டும் போகலையேம்மா?" என்றார்.

"அது குடித்தனம் வெச்சிருச்சுங்க."

"என்னது?"

சொன்னாள். அந்த அம்மா கை தட்டிச் சிரித்தார். உட்காரச் சொன்னார். ஒன்பது நாள், தினமும் அரை மணி. எத்தனை மூட்டை வரும், பெட்டி சூடு பார்ப்பது எப்படி, கால் வலிக்குமா, எல்லாம் கேட்டார். அவள் வேலையைப் பற்றி யாரும் இதுவரை ஒரு கேள்வி கேட்டதில்லை. அந்த அம்மாவும் தன் கதையைச் சொன்னார். மகளோடு பதினோரு வருஷமாகப் பேச்சு கிடையாது, தப்பு தன்மேல்தான், பார்க்க வருவாள் என்று கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பதாகச் சொன்னார். ஏழாம் நாள் இஸ்திரிக்காரி சின்னவள் கையைப் பற்றிக் கொட்டித் தீர்த்தாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அது நடிப்பு இல்லை. அதுதான் இப்போது தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அங்கே பத்திரிகை அவளுக்கு முன்பே வந்திருந்தது. லிஃப்டில் போன நர்சு யாரோ கொடுத்திருக்கிறாள். ஜென்மத்தில் புத்தகம் தொடாத புருஷன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். கொழுந்தனுக்கு அந்த ஊரில் வேலை போய்விட்டது. ஒரு மாசமாகத் திரும்பி வருகிறேன் என்று அண்ணனை நச்சரித்துக்கொண்டிருந்தான். முன்னறையில் சின்னவள் படுக்கிறாள், அவன் எங்கே படுப்பான் என்று ஒரு மாசமாக இஸ்திரிக்காரி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா?" என்றார் லிஃப்ட்காரர். "உன் தெய்வமே சொல்லியாச்சு. உள்ள வான்னு."

"அது அவங்களா எழுதினது."

"நீ சொல்லாமயா எழுதுவாங்க? மனசுக்குள்ள இருந்துச்சு, சொல்லியிருக்கே. எங்கிட்டதான் வீம்பு. ஏழு மாடியும் படிச்சுட்டு என்னைப் பாத்து, உங்க சம்சாரத்துக்கு எவ்வளவு பெரிய மனசுங்கறாங்க. நான் தம்பிக்குப் போன் பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை வர்றான்."

"என்னைக் கேக்காமயா?"

"அதான் அச்சுலயே போட்டிருக்கே!"

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த டம்ளர் நசுங்காதது ஆச்சரியம். சின்னவள் சமையலறையில் இடது கையால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே இஸ்திரிக்காரி பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். மழை தூறிக்கொண்டிருந்தது. குடை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் விலாசம் எழுதிக் கொடுத்து, கண்டிப்பாக வீட்டுக்கு வர வேண்டும் என்று சொன்னவர்தானே? வருகிறேன், பார்.

கதவை அந்த அம்மாவே திறந்தார், வாக்கரைப் பிடித்துக்கொண்டு.

"அடடே, நீயா! நனைஞ்சு வந்திருக்கியே. உள்ள வா, உள்ள வா."

"நான் உக்கார வரலைங்கம்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ரத்தக் கறையைச் சுடுதண்ணியில போட்டா போகும்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. பத்திரிகையைப் பார்த்ததும் புரிந்தது.

"போகாதா?"

"போகாது. அது நிரந்தரமா உக்காந்துக்கும். அன்னிக்கு அவ்வளவு விலாவாரியா சொன்னேனே? குடித்தனம்ங்கற வார்த்தையை மட்டும் எடுத்துக்கிட்டு அர்த்தத்தை விட்டுட்டீங்களே?"

"தப்புதாம்மா. புத்தகமா வரும்போது திருத்திடறேன். பச்சத்தண்ணின்னு போட்டா சரியாயிடுமில்ல?"

"தண்ணியைத் திருத்தினா ஆச்சா? நான் எப்பம்மா மன்னிச்சேன்?"

"அது நீ இல்லம்மா, கதையில வர்ற ஒரு பொம்பளை."

"கதையில வர்ற பொம்பளைக்கு என் கொழுந்தன் எப்படி வந்தான்? என் தங்கச்சி கை எப்படி வந்துச்சு? எல்லாம் என்னோடது, மன்னிப்பு மட்டும் அவளோடதா?" அவள் குரல் மாடிப்படி வரைக்கும் கேட்டிருக்கும். "இன்னிக்கு அவன் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வர்றான். உங்க கடைசி வரியைக் காட்டித்தான் என் வீட்டுக்காரர் வரச்சொல்லியிருக்காரு. அவன் முன்னறையில படுப்பான். என் தங்கச்சி எங்க போவா? இருபது வருஷமா உங்க புத்தகத்தைப் படிச்சவ நான். உங்க கதையில எவளாவது இப்படி விட்டுக் கொடுத்திருக்காளா? எங்கிட்ட வந்ததும் உங்களுக்கு என்ன வந்துச்சு?"

அந்த அம்மா நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். வேறு யாராக இருந்தாலும் கதவைச் சாத்தியிருப்பார்கள்.

"உண்மையைச் சொல்லட்டா?" என்றார். "நீ சொன்னதைச் சொன்னபடிதான் எழுதிக்கிட்டே வந்தேன். கடைசியில அவன் வாசல்ல நிக்கறான். அந்த இடத்துல எனக்குக் கை ஓடலை. வாசல்ல நிக்கறது நானாத்தான் தெரிஞ்சுது. கதவைத் திறக்கறது என் மகளாத் தெரிஞ்சா. உள்ள வான்னு ஒருத்தி சொல்லிட மாட்டாளான்னு இருந்துச்சு. சொல்ல வெச்சுட்டேன்."

"அப்படின்னா உங்க கதையை எழுதறதுதானே?"

"தைரியம் இல்ல." அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதைப் படிச்சுட்டு என் மக போன் பண்ணினாம்மா. பதினோரு வருஷத்துக்கு அப்புறம். நேத்து வந்துட்டுப் போனா."

இஸ்திரிக்காரி ஆடிப்போய்விட்டாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆஸ்பத்திரியில் அந்த அறைக் கதவு திறக்காதா என்று அவளும் சேர்ந்துதான் பார்த்திருந்தாள். ஆனால் வாயில் வந்தது வேறு.

"உங்க மகளைக் கூப்பிட என் தங்கச்சி கையையா ஆட்டினீங்க?"

அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. மேசையிலிருந்த பேனாவை எடுத்தார், பத்திரிகையை வாங்கினார், கடைசிப் பத்தியின்மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். ஓரத்தில் எழுதினார்: 'இது பொய். வெந்நீரில் ரத்தக் கறை போகாது. அவள் மன்னிக்கவில்லை.' கீழே கையெழுத்துப் போட்டார். புத்தகங்களின் முதல் பக்கத்தில் அச்சாகி வருமே, அதே கையெழுத்து. இப்படி ஒரு கையெழுத்து வாங்க வேண்டும் என்று எத்தனை வருஷம் ஆசைப்பட்டிருந்தாள் அவள்!

"இந்த வாரமே பத்திரிகைக்கும் எழுதறேன்," என்றார். "ஒண்ணு கேக்கட்டா? இதைப் படிச்சுட்டு உன் தங்கச்சி என்ன சொன்னா?"

இஸ்திரிக்காரி நனைந்த முந்தானையைப் பிழிந்தாள்.

"நான் அவகிட்ட காட்டல."

"அவ கதையை எங்கிட்ட சொல்லப்போறேன்னு அன்னிக்கு அவகிட்ட சொன்னியா?"

இஸ்திரிக்காரி பத்திரிகையை எடுத்துச் சுருட்டினாள்.

"நான் செஞ்சது தப்புதான். அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஒண்ணு பாரு, நீ மன்னிக்கல, மன்னிக்கலங்கறே. கை போனது உனக்கா?"

செருப்பால் அடித்திருந்தால்கூட இப்படி இருந்திருக்காது. பதில் சொல்லத் தெரியாத கோபத்தோடு அவள் படி இறங்கினாள். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். அந்தக் கிழவியை வைதாள், புருஷனை வைதாள், கொழுந்தனை வைதாள். மூன்று பேரையும் வைது முடித்த பிறகும் கோபம் மிச்சம் இருந்தது. அது யார்மேல் என்று தெரிந்தபோது இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிட்டது.

வீட்டில் முன்னறை நடுவே ஒரு பெட்டி இருந்தது. பெரிய பெட்டி, கயிறு போட்டுக் கட்டியது. சின்னவளின் மெத்தை சுருட்டப்பட்டுச் சமையலறை வாசலில் கிடந்தது. கொழுந்தன் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். ஆள் இளைத்துப்போயிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"வாங்கண்ணி. கதை படிச்சேன். அழுதுட்டேன்."

"அழுதியா? இதையும் படிச்சுட்டு அழு." பத்திரிகையைப் புருஷன் கையில் திணித்தாள். "சத்தமா வாசிங்க. அச்சுல இருந்தாத்தான் நம்புவீங்களோ, கையெழுத்துல இருந்தாலும் நம்புவீங்களா?"

லிஃப்ட்காரர் வாசித்தார். குரல் தேய்ந்துகொண்டே வந்தது. "என்னடி இது, எழுதினதை மாத்தி எழுதறாங்க?" என்றார். "நீ போய்ச் சண்டை போட்டா பயந்துபோய் எழுதித் தரமாட்டாங்களா? வந்தவனை இனிமே எங்க அனுப்பறது?"

"என் தங்கச்சியை மட்டும் சமையல்கட்டுக்கு அனுப்பலாமா?"

"அக்கா."

சின்னவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். காலால் முறத்தை அணைத்துக்கொண்டு, இடது கைக் கட்டைவிரலால் தோலைக் கீறி, மணியை உதிர்த்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அந்தம்மா உன்னைக் கேக்காம எழுதிட்டாங்கன்னு சண்டைக்குப் போனியே. நீ என்னைக் கேட்டியா?"

"உனக்காகத்தானே..."

"எனக்காக நீ கோபப்பட்டே. மாமா எனக்காகப் போன் பண்ணாரு. அந்தம்மா எனக்காகக் கதை எழுதினாங்க. ஆறு வருஷமா இந்த வீட்டுல என் கையைப் பத்தி எல்லாரும் பேசியாச்சு. எங்கிட்ட ஒரு வார்த்தை? நான் பாத்திரம் கழுவிக்கிட்டே எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருக்கணும். அப்படித்தானே?" ஒரு பட்டாணி முறத்தைத் தாண்டி உருண்டு ஓடியது. "ஆஸ்பத்திரி லிஃப்டுல போற ஆளுக்கெல்லாம் இப்ப என் கதை தெரியும். எனக்கு மட்டும்தான் அது எப்படி முடிஞ்சுதுன்னு பத்திரிகை பாத்துத் தெரிஞ்சுக்க வேண்டியதாப் போச்சு."

இஸ்திரிக்காரி அவளருகே வந்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"தப்புதான்டி," என்றாள். "இப்பக் கேக்கறேன். இவன் இந்த வீட்டுல இருக்கலாமா?"

சின்னவள் கையிலிருந்த காயை உரித்து முடித்தாள். எழுந்து முன்னறைக்கு வந்தாள். கொழுந்தனுக்கு நேரே நின்றாள். பிழியும் மெஷினுக்கு இரண்டு பக்கமும் முன்பு நிற்பார்களே, அதே தூரம்.

"பூட்டை யாரு கழட்டினது?"

"பழசை எதுக்கு..."

"யாரு கழட்டினது?"

"எல்லாரும் அப்படித்தான் ஓட்டினாங்க. உனக்குத் தெரியாதா? நான் ஒருத்தன் மட்டுமா?"

"நின்னுடுச்சு, எடுன்னு யாரு சொன்னது?"

அவன் அண்ணனைப் பார்த்தான். லிஃப்ட்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை. தலை நிமிராமலே, "சொல்லுடா," என்றார். "அவ கேக்கறா இல்ல, சொல்லு."

கொழுந்தன் டீ டம்ளரைப் பார்த்தான். ஒரு வார்த்தை. 'நான்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பெட்டி அங்கேயே இருந்திருக்குமோ என்னவோ. சின்னவள் முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றியது. அந்த ஒரு வார்த்தைக்கு ஆறு வருஷம் காத்திருந்த முகம் அது.

"எனக்கு ஞாபகம் இல்ல," என்றான்.

சின்னவள் குனிந்து பெட்டியின் கயிற்றை இடது கையால் பிடித்தாள். பெட்டி கனம். இரண்டு கை உள்ளவர்களுக்கே கனம். இழுத்தாள். இஸ்திரிக்காரி ஓடி வந்தாள்.

"தொடாதே!"

அந்தக் குரலை அந்த வீடு அதுவரை கேட்டதில்லை. இஸ்திரிக்காரி நின்ற இடத்திலேயே நின்றாள். பெட்டி தரையைக் கீறிக்கொண்டு நிலைப்படி வரை போயிற்று, இடித்து நின்றது. சின்னவள் முழங்காலைக் கொடுத்துத் தள்ளினாள். மழையில் நனைந்த தெருவில் அது கவிழ்ந்து விழுந்தது. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. கொழுந்தன் யாரையும் பார்க்காமல் அவளைத் தாண்டி வெளியே போனான். பெட்டியை நிமிர்த்தித் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தான்.

சின்னவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். சுருட்டிக் கிடந்த மெத்தையைக் காலால் உருட்டி முன்னறையில் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள். விரிப்பை உதறினாள். ஒரு கையால் விரிப்பு உதறினால் ஒரு பக்கம் சரியும், மறுபக்கம் சுருளும். இரண்டு பேரும் சலவைக்கூடத்தில் எதிரெதிரே நின்று நாளுக்கு முந்நூறு விரிப்பு உதறியவர்கள். இஸ்திரிக்காரிக்குக் கை பரபரத்தது. கையைக் கட்டிக்கொண்டு சுவரோடு நின்றாள்.

மூன்றாம் தரமும் விரிப்பு சுருண்டது. சின்னவள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் அப்படியே இருந்தது.

"அந்த முனையைப் பிடி," என்றாள். "மன்னிச்சுட்டேன்னு மட்டும் எவகிட்டயும் போய்ச் சொல்லிடாதே."

இஸ்திரிக்காரி முனையைப் பிடித்தாள்.